ஊசி போட்ட மாட்டின் சாணம்

காஞ்சிபுரத்தில் பசுஞ்சாணத்தை முழுமையாக அறிந்தவன் நான் ஒருவனே. 2001இல் இதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரவும் தயாராக இருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை. விலங்கியல் முதுகலையில் என்னோடு சேர்ந்த மூவரும் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போய்விட்டார்கள். டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. அப்பா பாஷ்யம் என்னைக் கொல்லையில் குளிக்க வைத்துத்தான் வீட்டுக்குள் விடுவார்.

"பசுஞ்சாணம் பவித்திரம்தான். டிபன் டப்பாவில் அடைச்சுண்டு வான்னு எந்த சாஸ்திரத்துலயும் சொல்லலைடா ஸ்ரீகர்."

மாட்டுக்குக் குடற்புழு ஊசி போட்டால் மருந்தில் பெரும்பங்கு சாணத்தோடு வெளியே வந்துவிடும். அந்தச் சாணம் மண்ணில் கரைகிறதா என்பது என் ஆராய்ச்சி. ஆங்கிலப் புத்தகத்தில் சாணம் புல்வெளியில் மாதக்கணக்கில் கிடக்கிறது. எங்கள் ஊர் ஓரிக்கைப் பக்கம் அரை மணி நேரம் கிடக்காது. முதல் வார மாதிரிகளையெல்லாம் யாரோ அள்ளி வறட்டி தட்டி, அடுப்பும் எரித்துவிட்டார்கள்.

பிறகு ஏஞ்சல் அக்கா ஒப்புக்கொண்டார். கணவர் மஸ்கட்டில். இவரிடம் பாலாற்றுப் பக்கம் பத்து சென்ட் புல்லும் ஒரு பசுவும்.

"எத்தினி நாளு அள்ளாம வுடணும், ஐயரு தம்பி?"

"ஐயங்கார்க்கா. ஒரு மாசம். அப்புறம் மண்ணோட மண்ணா போயிடும்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்பா. புல்லு போச்சுன்னா மாட்ட வித்துடணும், பார்த்துக்க."

ஊசிக்கு முன் விழுந்ததை வண்டும் கரையானும் மூன்று வாரத்தில் மண்ணாக்கின. ஊசிக்குப் பின் விழுந்த முந்நூறும், மருந்தில் புழு பூச்சி பிழைக்காததால், தட்டுத் தட்டாகக் காய்ந்து அப்படியே கிடந்தன. சுற்றியிருந்த புல்லைப் பசு முகர்ந்துவிட்டு விலகியது.

ஒரு மாலை அக்கா குத்துக்காலிட்டு ஒரு தட்டைக் கையால் நொறுக்கித் தூவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எண்ணிக்கை கெட்டுடும்."

"புல்லுக்கு மூச்சு முட்டுதுபா."

மூச்சு முட்டும் புல்லைக் கல்லூரியில் நடித்தே காட்டினேன். பார்க்க இருந்தவர் லேப் அட்டெண்டர் குப்புசாமி மட்டும். மாடு வளர்த்தவர். சிரிக்கவில்லை.

சாணம் கரையாததால் எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. அதை அக்காவிடம் சொல்லப் போனேன்.

"நல்லதுபா. மாட்டப் பார்க்க ஞாயித்துக்கிழம ஆளு வரான். தீனி இல்ல."

"இன்னும் கொஞ்ச நாள்ல கரைஞ்சிடும்க்கா."

"அதையே எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருப்ப? மஸ்கட்லேர்ந்து போன் வரும், பூத்துக்குப் போறேன். மாட்டக் கொஞ்சம் பார்த்துக்க."

அக்கா குரலில் கோபமே இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மருந்து வெயில் பட்டால் சிதையும். காய்ந்த தட்டின் உள்ளிருட்டில் மாதக்கணக்கில் தங்கும். ஆகவே உடைத்துப் பரப்புதல் பரிந்துரைக்கப்படுகிறது. ஆய்வேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில் நானே ஆங்கிலத்தில் எழுதியது. யார் உடைப்பது என்று அதில் இல்லை.

பசு என்னைப் பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. கையுறையைக் கொண்டுவரவில்லை. உட்கார்ந்து முதல் தட்டை இரண்டாக ஒடித்து, உள்ளங்கையில் வைத்து நொறுக்கினேன். அது கிடந்த இடத்தில் புல் வெளுத்துப்போய்த் தரையோடு படுத்திருந்தது. தூளை வெயிலில் தூவிவிட்டு, புல்லை விரலால் நிமிர்த்தினேன். நிற்கவில்லை.

அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன்.