ஆவி நிமிஷம் இருபது

சுமையா அன்று பண்ணியதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். இராஜபாளையத்துப் பேண்டேஜ் யூனிட்டில் அவள் புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாள். பாக்கெட்டுக்கு இருபது ரோல் போட்டதை இனிப் பதினைந்தாக்கு என்றார் சூப்பர்வைசர் இருளப்பசாமி. மெஷின்களை ஓட்டும் புரோகிராமில், முன்பிருந்த புண்ணியவான் முப்பது இடத்தில் வெறும் 20 என்று எழுதி வைத்திருந்தான். ஒவ்வொன்றாக யார் பார்ப்பது? எல்லா 20-ஐயும் ஒரே தட்டில் 15 ஆக்கிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். பாக்கெட்டுகளும் சரியாகவே விழுந்தன.

மூன்றரை மணிக்கு வந்தது வினை. அந்த யூனிட்டில் டீ குடிக்கக் கடிகாரம் பார்க்கிற வழக்கம் கிடையாது. கிருமி சாகப் பாக்கெட்டுகளை ஆவிப்பெட்டிக்குள் வைத்து மூடியதும் கிளாஸை எடுப்பார்கள்; பெட்டியின் மணி அடித்ததும் எழுவார்கள்.

"இதென்ன கூத்து! வடையைப் பாதிகூடக் கடிக்கல, அதுக்குள்ள மணி அடிச்சிட்டு," என்று அலுத்துக்கொண்டாள் பாக்கெட் அடுக்கும் அழகுத்தாய். "முன்னாடி வச்ச லோடுக்கும் இப்படித்தான்."

சுமையா சட்டென்று எழுந்தாள். ஆவி விடுவதும் இருபது நிமிடம் அல்லவா? அந்த 20-ஐயும் சேர்த்தல்லவா மாற்றித் தொலைத்திருக்கிறாள்! அரைவேக்காட்டுத் துணி யாருடைய ஆபரேஷன் காயத்திலோ போய் ஒட்டப் போகிறது. வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்குமா? ஓடினாள்.

"அண்ணாச்சி, லாரியை விடாதீய! தப்பு என் மேலதான்."

"எம்புட்டுப் பெட்டி?"

"மத்தியானத்துக்குப் பொறவு போட்டது அம்புட்டும்."

இருளப்பசாமி அவளை ஒரு முறை முறைத்தார். "எறக்குங்கலே!" என்றார்.

ஆட்கள் லாரியிலிருந்து இறக்கி முடிப்பதற்குள் சுமையா முப்பது இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புரோகிராமின் தலைமாட்டில் பாக்கெட்_ரோல் = 15, ஆவி_நிமிஷம் = 20 என்று எழுதினாள். கீழே எங்கும் வெறும் எண்ணை விடவில்லை, அந்தந்தப் பெயரையே போட்டாள். பிறகுதான் இறக்கிய பாக்கெட்டுகளை மறுபடி ஆவிப்பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னாள்.

இருளப்பசாமி வந்து பின்னால் நின்றார். சீட்டைக் கிழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். புரோகிராம் என்றாலே பூச்சி பூச்சியாகத் தெரியும் அந்த மனிதர், திரையில் விரல் வைத்து வாசித்தார்.

"பாக்கெட் ரோல் பதினஞ்சு. ஆவி நிமிஷம் இருவது. அட, எனக்கே வெளங்குதே! அடுத்த ஆர்டர் மாறினா இந்த ஒரு வரியை மட்டும் மாத்தினாப் போதுமா?"

"போதும் அண்ணாச்சி. ஆவி பக்கமே போகாது."

"அப்ப நாளைக்கு வந்து மத்த லைன் மெஷினுக்கும் இப்படிப் பேர் வச்சுரு தாயி."

நாளைக்கு வந்து! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே மணி அடித்தது. அழகுத்தாய் இரண்டாவது டீயையும் குடித்து முடித்து, காலி கிளாஸைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.