ராமுத்தாய் கேட்ட முப்பது நாள்

1

இந்தக் கதையை எழுத எனக்கிருக்கும் ஒரே காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெண்ணுக்கு நான் தவறான யோசனை சொன்னேன். 1993இல் திருப்பூர் தபாலாபீசுக்கு எதிரே டைப்ரைட்டரோடு உட்கார்ந்து பாஸ்போர்ட், விசா பாரங்கள் நிரப்பிக்கொடுப்பது என் தொழில். பெயர் நஞ்சப்பன். கதைக்காகப் பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். தப்புச் செய்தவனே தன் பெயரை மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்காது.

2

முதல் தொடக்கம்: “விமான ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் பஞ்சுப் பொதிகளாக...”

[நிறுத்திவிட்டேன். நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை.]

இரண்டாவது: “கண்ணீர் வழிய அவள் என் மேஜைமுன்...”

[பொய். அவள் கண்ணில் ஈரமே இல்லை.]

மூன்றாவது, நடந்தபடியே: ராமுத்தாய் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக்* டெய்லர். வயது முப்பத்து நாலு, தனியாள். பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். பதினைந்து வயதில், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, தாய் தகப்பனோடு ராமேஸ்வரம் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். அங்கேயே கல்யாணமாகியிருந்த அக்கா சின்னத்தாய் மட்டும் தங்கிவிட்டாள். அதன்பின் அக்காளும் தங்கையும் பத்தொன்பது வருஷம் பார்த்துக்கொள்ளவில்லை.

* துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின். பதினாலு வருஷம் அதை ஓட்டியும் இங்கே யாரும் அவளை சூப்பர்வைசர் ஆக்கவில்லை.

ஆக்க முன்வந்தது தூரத்து நாடொன்றின் கம்பெனி. (எந்த நாடு என்று சொல்லமாட்டேன். அங்கே இன்னும் என் ஆட்கள் இருக்கிறார்கள்.) நாற்பது பெண்களுக்கு மேலே ஒரு நாற்காலி. வேலை விசாவுக்கு நான்தான் பாரம் அடித்தேன். அது பாஸ்போர்ட்டோடு சென்னை விசா ஆபீசில் கிடந்தது. முடிவு வர ஆறு வாரம் ஆகலாம் என்றார்கள்.

மூன்றாம் வாரத்தில் கண்டியிலிருந்து தந்தி வந்தது. அக்காவுக்கு வயிற்றில் கட்டி, இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன், உன்னைப் பார்க்க வேண்டும்.

3

“பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குனீங்கன்னா விண்ணப்பம் செத்துப்போச்சுங்க அம்மிணி. மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். அதுவரைக்கும் கம்பெனிக்காரன் காத்திருப்பானுங்களா?” என்றேன்.

“செத்தா செத்துட்டுப் போகுது அண்ணாச்சி. அக்காவப் பாக்காம இருக்க முடியாது.”

“விசா வந்தொடனே போய்ப் பாத்துக்கலாமுங்க.”

அதுதான் நான் சொன்ன தவறான யோசனை. அக்கறையில் சொன்னதாகத்தான் அவளை நம்பவைத்தேன். உண்மை வேறு. என் மேஜையிலிருந்து சூப்பர்வைசராக வெளிநாடு போகும் முதல் பெண் அவள் என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் பெருமைக்காக ஒரு தங்கையைக் காத்திருக்கச் சொன்னேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஒரு லெட்டர் அடிங்க. பாஸ்போர்ட்ட முப்பது நாளைக்குக் குடுங்க, விண்ணப்பம் அப்படியே கெடக்கட்டும், நான் திரும்பி வந்து ஒப்படைக்கேன்னு.”

“அப்படியொரு வழக்கமே இல்லீங்க.”

“இல்லன்னு அவுகல்ல சொல்லணும்? நீங்க ஏன் சொல்லுதீக?”

அடித்தேன். தந்தியையும் சேர்த்துப் பின் குத்தினேன்.

4

கடிதத்தோடு அவள் சென்னைக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் வழக்கமில்லை என்றுதான் சொன்னார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவர் கடிதத்தை உள்ளே எடுத்துப்போய், பாஸ்போர்ட்டோடும் ஒரு சீட்டோடும் வந்தார். முப்பது நாளுக்குள் பாஸ்போர்ட் திரும்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. திரும்பினாலும் விசா நிச்சயமில்லை.

இந்த இடத்தில் அந்த அதிகாரியை இளகவைக்க நினைத்தேன். அவருக்கும் ஓர் அக்கா... [வேண்டாம். அவருக்கு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.]

திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து கண்டிக்கு பஸ். வார்டில் அக்கா அவளை மேலிருந்து கீழே பார்த்திருக்கிறாள்.

“செருப்புப் போட்டிருக்கியா?” என்பதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி. கப்பலுக்குப் போன அன்று தங்கை வெறுங்காலோடு போனாளாம்.

“போட்டிருக்கேன்க்கா.”

“நீங்க அழுதீங்களா?” என்று பின்னால் கேட்டேன், கதைக்கு வேண்டுமே.

“எங்க நேரம்? ஒரு வாய் கஞ்சி குடிக்கவைக்கதுக்கே அரைமணி நேரம் ஆச்சு.”

ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. முடிந்தபின் காய்ச்சல். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா எழுந்து உட்காராமல் நகர்வதில்லை என்று அவள் இருந்துவிட்டாள். இருபத்தெட்டாம் நாள் சின்னத்தாய் தானே சுவரைப் பிடித்துப் பத்தடி நடந்தாள். “இனி நீ போ, ராமு,” என்றாள். முப்பதாம் நாள் காலை பாஸ்போர்ட் சென்னைக் கவுண்டரில் இருந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். விசா கிடைத்து, நாற்பது பெண்கள் அவளுக்கு வணக்கம் சொல்கிறார்கள். இனிக்கிறது. விசா மறுக்கப்பட்டு, அவள் மண்ணரையில் அதே மெஷினில் குனிகிறாள். இது என்னைத் தண்டிக்க நான் எழுதியது. அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நடந்தது இவ்வளவுதான். மே மாதம் ஒரு நாள் விசா ஆபீசிலிருந்து என் விலாசத்துக்கு அவள் பெயரில் பழுப்பு உறை வந்தது. ஆள் அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து வந்தாள். உறையைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒரு கணம் வைத்திருந்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“பிரிச்சுப் பாருங்க அம்மிணி. எனக்குக் கையே ஓடலீங்க.”

“பாப்போம், பாப்போம். அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கேன். அக்கா இங்க வந்து என்கூட ஒரு மாசம் இருக்கணும்னா என்னென்ன காகிதம் வேணும்?”

அதற்கும் எனக்கு வழக்கம் தெரியாது. இந்தமுறை அதைச் சொல்லவில்லை. வெள்ளைத்தாளை மெஷினில் ஏற்றினேன். அக்காவுக்கு விசா கேட்டு அவள் சொல்லச்சொல்லக் கடிதம் முழுவதையும் அடித்து, கையெழுத்தும் வாங்கினேன். பிறகுதான் உறையைக் கிழித்தாள். உள்ளே இருந்தது ஒரே வரி:

[                    ]

நீங்களே நிரப்புங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள், குறுக்கே வரமாட்டேன். அவள் அதை இரண்டுமுறை படித்தாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். பிறகு அக்காவுக்காக அடித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, தபால்பெட்டியைத் திறக்கும் நேரம் தாண்டிவிடக்கூடாதே என்று சாலையைக் கடந்தாள்.