ஐந்தாவது கை

…நேராகப் போகிறானே, வலது பக்கம் அல்லவா திரும்ப வேண்டும், விரகனூர் ரவுண்டானாவில் வலது பக்கம் திரும்பினால்தான் கப்பலூர், நேராகப் போனால் மானாமதுரை, ராமநாதபுரம், அப்புறம் கடல்தான்… இது முபீனுக்குத் தெரியாதா, மைதானம் கட்டக் கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து இதே ரோட்டில் கிளப்புக்குப் போய்வருகிறவனுக்கு? ஜமீல் முன்சீட்டில் உட்கார்ந்தபடி அவன் முகத்தையே பார்த்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, அரக்கு நிறத்தில் கிளப் டை, காதோரம் மட்டும் நரைத்த தாடி, கை ஸ்டியரிங்கில் அமைதியாகத்தான் இருக்கிறது, கண்ணும் ரோட்டில்தான் இருக்கிறது, ஆனால் அந்த ரோடு அவனுக்கு எந்த ரோடாகத் தெரிகிறது… சொல்லலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா, அவனாகவே தெரிந்துகொண்டு திரும்பிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், யா அல்லா, அவனாகவே திரும்பட்டும்… திரும்பவில்லை. "வலது பக்கம்ல மாப்ள" என்றான் ஜமீல், முடிந்த மட்டும் விளையாட்டாக. முபீன் பிரேக்கை அழுத்தினான், பின்னால் வந்த மணல் லாரி காது கிழிய ஹாரன் அடித்துவிட்டுப் போனது. முபீன் சிரித்தான். "பேச்சுல விட்டுட்டேன்டா." பேச்சா? தெப்பக்குளத்தில் ஜமீலை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டதிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சிரிப்புதான். அதுதான் ஜமீலைப் பயமுறுத்தியது, வழி தவறியதுகூட இல்லை. யாருக்குத்தான் வழி தவறாது, ஆயிரம் யோசனையில் இருக்கிறவனுக்கு, அதுவும் இன்றைக்கு, கூடல் எஃப்.சி. கால்பந்து கிளப்புக்கு இவன்தான் தலைமைச் செயல் அதிகாரியா என்று முடிவாகப்போகிற இன்றைக்கு… ஆனால் அந்தச் சிரிப்பை அவன் முன்னமே பார்த்திருக்கிறான், அத்தாவின் முகத்தில், பெற்ற தகப்பனின் முகத்தில். பேரனின் பெயர் நினைவுக்கு வராதபோது அத்தா அப்படித்தான் சிரிப்பார், உடைந்த ஜன்னலுக்கு அவசரமாகத் திரை இழுத்து விடுகிற மாதிரி ஒரு சிரிப்பு, எல்லாரும் சேர்ந்து சிரித்துவிடுவார்கள், கடைசியில் சிரிப்பும் போய் வெறும் பார்வை மட்டும்தான் மிஞ்சியது… இல்லை, இல்லை, முபீனுக்கு என்ன வயசாகிவிட்டது, என்னைவிட ஒரு வயசு மூப்பு, ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனால் போன மாதம் கோல்கீப்பரை, மூன்று வருஷமாக ஆடுகிற அந்த மணிப்பூர்ப் பையனை, என்றோ செத்துப்போன பழைய கோல்கீப்பர் பேயாண்டியின் பெயரைச் சொல்லி அழைத்தானே, பையன் திரும்பிப் பார்க்காததற்குக் கோபப்பட்டானே. நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டானே. வேறு யாரும் கவனிக்கவில்லை, ஏன் என் கண்ணில் மட்டும் படுகிறது, படாமலிருந்தால் இந்நேரம் நிம்மதியாகக் கை தூக்கிவிட்டு வந்திருப்பேனே.

கை. ஐந்து கை. தேர்வுக் குழுவில் ஐந்து பேர், பணம் போட்ட கம்பெனியின் ஆட்கள் இருவர், அவர்களுக்குச் சென்னையிலிருந்து வருகிற அசோக்குமார்தான் வேண்டும், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. தலைவர் விக்டோரியா மேடமும் பழைய ரெஃபரி தனிஸ்லாஸும் முபீன் பக்கம். மிச்சம் ரசிகர் மன்றத்தின் சார்பில் ஜமீல், விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் கடை வைத்திருக்கிற ஜமீல், ஒரு காலத்தில் இதே அணிக்கு இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடிய ஜமீல். அவன் யாருக்குக் கை தூக்குவான் என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நான் அவனுக்குச் சிநேகிதன், குழுவில் நான் இருக்கலாமா மேடம் என்று அவனே முன்பு கேட்டபோதுகூட, "மதுரைல யாருக்கு யாரு சிநேகிதம் இல்ல ஜமீல், உங்க மனசாட்சிப்படி கை தூக்குங்க, போதும்" என்று சொல்லிவிட்டார் விக்டோரியா மேடம். மனசாட்சி… அது எந்தப் பக்கம் இருக்கிறது, முபீன் பக்கமா, கிளப் பக்கமா? புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்தில் கிடக்கிறது அணி, பழைய அதிகாரி பாதி சீசனில் விட்டுவிட்டுக் கொச்சிக்குப் போய்விட்டார், இன்று மாலைக்குள் புதுப் பெயரைச் சொல்லாவிட்டால் லீக்கில் இடமே இருக்காது. இந்த நேரத்தில் வழி தெரியாதவன் கையில் வண்டியைக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் அசோக்குமார், அசோக்குமார் வந்தால் ஆட்டமெல்லாம் கோயம்புத்தூருக்குப் போய்விடும், கப்பலூர் மைதானத்தில் ஆடு மேயும்… எதற்குக் கை தூக்கினாலும் ஏதோ ஒன்றைக் கொன்றுவிட்டுத்தான் கீழே இறக்க வேண்டும்.

முபீனின் மனைவி சாதிகாவிடம் சொல்லிவிடத்தான் போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் விளாங்குடிக்குப் போனான். முபீன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனான். எப்படி ஆரம்பிப்பது என்று திண்டுக்கல் ரோடு முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான், தங்கச்சி, முபீனை ஒரு டாக்டர்கிட்ட காட்டுவமா… அவள் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அண்ணே, நீங்க இருக்கீகங்குற தைரியத்துலதான் நான் இருக்கேன். இந்தச் சீட்டு மட்டும் கெடச்சிட்டாப் போதும்ணே. கொஞ்ச நாளா மனுசன் என்னமோ மாதிரி இருக்காக, ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிறாக, எல்லாம் இந்த டென்சன்தான். கெடச்சிட்டா சரியாயிரும்." சரியாகிவிடும் என்று அவள் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அவளுக்கும் எதுவோ தெரிந்திருக்கிறது, தெரிந்ததை டென்சன் என்று பெயர் வைத்து மூடி வைத்திருக்கிறாள், அந்த மூடியை நான் எப்படித் திறப்பேன்… "டீ நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். கோழை. வேறு என்ன பெயர் அதற்கு?

அவனியாபுரம் தாண்டி வண்டி சரியான வழியில் போனது. அப்புறம் முபீன் எங்கும் தடுமாறவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது, ஒரு நிமிஷம் நம்பிக்கை கொடுத்து மறு நிமிஷம் பிடுங்குகிற மறதி நோய் இது. மைதான வாசலில் அரக்குச் சட்டைக் கூட்டம், தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், வண்டியைப் பார்த்ததும் "முபீன் அண்ணே! முபீன் அண்ணே!" என்று கண்ணாடியைத் தட்டினார்கள். முத்துக்கருப்பன், மன்றத்தின் செயலாளர், ஜன்னலுக்குள் தலையை விட்டு ஜமீலின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இந்தக் கைய நம்பித்தான் இம்புட்டுப் பேரு வெயில்ல நிக்கிறோம்." அவன் உள்ளங்கை வியர்வை ஜமீலின் மணிக்கட்டில் ஈரமாக ஒட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அசோக்குமாரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வெறுக்க வேண்டும் என்றுதான் ஜமீல் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்த மனிதன் பொய் பேசவில்லை. ரெண்டு சீசன் கோயம்புத்தூரில் ஆட வேண்டிவரும், சிறுவர் அணிகளை நிறுத்த வேண்டிவரும், உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் கிளப் உயிரோடு இருக்கும் என்றான். கிளப்பை ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினான், எந்தக் காலை எடுத்தால் பிழைக்கும் என்கிற மாதிரி… அடுத்து முபீன் வந்தான். யா அல்லா, எப்படிப் பேசினான்! கருவேலங்காடாகக் கிடந்த இந்த நிலத்தைக் காட்டியபோது யாரும் நம்பாததை, முதல் ஆட்டத்தில் மழை கொட்டியும் ஒருவரும் கேலரியை விட்டு எழாததை, நெல்பேட்டையிலிருந்தும் ஞானஒளிவுபுரத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இந்தியாவுக்கு ஆடியதை. விக்டோரியா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனிஸ்லாஸ் மேசையைத் தட்டினார். ஜமீலுக்கே தோன்றியது, நான்தான் பைத்தியம், இவனுக்கு ஒன்றுமில்லை, அத்தாவைப் பார்த்த கண்ணால் எல்லாரையும் பார்த்துத் தொலைக்கிறேன்… அப்போதுதான் கம்பெனி ஆட்களில் இளையவர், குதர்க்கமாகக்கூட இல்லை, சும்மா, பேச்சுவாக்கில் கேட்டார். "சார், சனிக்கிழமை நமக்கு யாரோட மேட்ச்?"

முபீன் வாயைத் திறந்தான். மூடினான். சிரித்தான். "அத ஜமீல்கிட்ட கேளுங்க, ரசிகர்களுக்குத்தானே அதெல்லாம் மனப்பாடம்!" அறையே சிரித்தது, கேட்டவரும் சிரித்தார். "கோவாவோட" என்றான் ஜமீல். தன் குரலைத் தானே கேட்டான். திரையை இழுத்துவிட்டது இந்தமுறை நான், நானே, அவனுக்காக, யாரும் பார்க்காதபடி… இப்படித்தான் இனிமேல் நடக்குமா, அவன் அந்த நாற்காலியில் உட்காருவான், நான் பக்கத்தில் நின்று கோவா, பெங்களூரு, கோவா என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேனா, எத்தனை காலத்துக்கு, ஒருநாள் நிறைந்த மைதானத்தில் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்படியே நிற்பான், ஊரே பார்க்கும், அத்தாவுக்காவது எல்லாம் நடு வீட்டில் நடந்தது, கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது.

முபீனை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கை கேட்டார்கள். ஒருநாள் தள்ளிப் போடலாமா மேடம் என்றான் ஜமீல். முடியாது, சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும், உங்களுக்குத் தெரியாததா என்றார் அவர். தெரியும். அசோக்குமாருக்குக் கம்பெனியின் இரண்டு கைகள் எழுந்தன. அடுத்து முபீனுக்கு எழுந்து முடிந்துவிடும் என்று விக்டோரியா மேடம் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். ஏன் என்று சொல்லிவிட்டுத் தூக்கலாமா, நாலு பேர் இருக்கிற அறைதான்… ஆனால் அந்த நாலு பேர் வீட்டுக்குப் போவதற்குள் எல்லார் போனிலும் வந்துவிடும், முபீனுக்குப் புத்தி மாறிவிட்டதாம் என்று விளக்குத்தூணில் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள், சாதிகா கறிக்கடைக்குப் போனால் பரிதாபப்படுவார்கள். சொல்லாமல் தூக்கினால் துரோகி நான் மட்டும்தான். அது பரவாயில்லை. பரவாயில்லையா? உண்மையிலேயே அவனுக்காகத்தானா, இல்லை கிளப்புக்காகவா, இல்லை அந்த வெறும் பார்வையைத் தாங்காமல் அத்தாவிடமிருந்து ஓடியதுபோல இவனிடமிருந்தும் ஓடுகிறேனா… யோசித்து முடிப்பதற்குள் கை எழுந்திருந்தது. பாறாங்கல்லைக் கட்டிய மாதிரி கனத்தது, தோள்வரைகூட வரவில்லை. "எதுக்குத் தூக்குறீங்க, இது அசோக்குமாருக்கு" என்று மெல்லச் சொன்னார் விக்டோரியா மேடம், அவன் தெரியாமல் தூக்கிவிட்டதாக நினைத்து. "தெரியும் மேடம்." தனிஸ்லாஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இம்புட்டுத்தானா ஜமீலு நீயி? எம்புட்டுக்குடா வெல போன?" ஜமீல் கையை இறக்கிவிட்டு வெளியே நடந்தான்.

வாசல் பக்கம் இன்னும் தப்புச் சத்தம், அவர்களுக்குச் சேதி போகவில்லை. கேலரியின் கீழ்ப்படியில் முபீன் தனியாக உட்கார்ந்திருந்தான், டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான், மைதானத்தில் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஜமீல் அவனுக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றான். எந்த உரிமையில் உட்காருவது? "யாரு?" என்றான் முபீன், புல்லைப் பார்த்தபடி. "அசோக்குமார்." "நீயா?" "ஆமா மாப்ள." அடித்துவிடுவான் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். முபீனின் தோள் இரண்டும் மெல்லத் தொய்ந்து இறங்கின, இத்தனை நேரம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்த மாதிரி. "நல்லவேளடா" என்றான். "ஐப்பசியிலயே டாக்டரு சொல்லிட்டாரு. தனியாத்தான் போய்ப் பாத்தேன். எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல மாப்ள. இத்தன பேரு ஆசையா நிக்கிறாங்க, எப்படிச் சொல்றது? யாராச்சும் ஒருத்தன் வேணாம்னு சொல்லிர மாட்டானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற. கூடவே வார, கூடவே போற, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற."

ஜமீல் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஐப்பசியிலிருந்தா… அப்படியானால் இத்தனை மாசமும் இருவரும் ஒரே விஷயத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காவல் காத்துக்கொண்டு இருந்தோமா? நான் சொல்வேன் என்று அவனும், அவனாக உணர்வான் என்று நானும்… ஏதாவது பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டுமா? முபீன் அவன் பக்கம் திரும்பினான். கண் தெளிவாகத்தான் இருந்தது. "சாதிகாகிட்ட மட்டும்…" என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். ஜமீல் காத்திருந்தான். சொல்லிடாத என்றா, நீயே சொல்லிடு என்றா… எது? தண்ணீர்த் தாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. முபீனின் உதடு பாதி திறந்தபடி இருந்தது. வேண்டுமென்றே நிறுத்திவிட்டானா, மீதியை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டானா, இல்லை அந்த மீதி அவனிடமே இல்லாமல் போய்விட்டதா என்று ஜமீலுக்குத் தெரியவில்லை. இனி அவன் எங்கே நிறுத்தினாலும், சும்மா மூச்சு வாங்க நிறுத்தினாலும், தனக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.