நன்றி: நாராயணபெருமாள், கொட்டாரம்

ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் மழை இறங்கவில்லை. கிழக்கே கடலின் மேல் கருமை திரண்டு, பகலெல்லாம் அசையாது நின்றது. மேற்கே மலைமுடிகள் முகிலுக்குள் மறைந்து, இருக்கின்றனவோ இல்லையோ என்று ஐயுறச் செய்தன. நடவு முடிந்த வயல்களில் இளநாற்றுகள் வேர்பிடிக்காத அச்சத்தோடு தலைகுனிந்து நின்றன. தவளைகளும் வாயடைத்திருந்தன. திருமாலின் திருமேனி நிறமென்று அடியார்கள் உருகும் கருமைதான் அது. ஆனால் அன்று அதை அண்ணாந்து பார்த்த சுயம்புராஜ் மறுபடியும் மணி பார்த்தான்.

மாலை நான்கு மணிக்கு, அவன் நடித்த படத்தை அவன் தந்தை பார்க்கப்போகிறார்.

படம் ஐம்பது நிமிடந்தான். ஓர் அலுவலகத்தில் ஒரே பதவி உயர்வுக்காக மோதிக்கொள்ளும் இரண்டு இளைஞர்கள், அந்த மோதலினூடே ஒருவரையொருவர் காதலிக்கத் தொடங்கும் கதை. எழுதி இயக்கியவள் ஷெர்லி, குளச்சல்காரி, அவனோடு கல்லூரியில் படித்தவள். இளைஞருள் ஒருவனாக நண்பன் டிஜோவும் மற்றவனாகச் சுயம்புராஜும் நடித்தார்கள். இரவல் காமிரா ஒன்று, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் மேசைகள் நான்கு, ஆறு நாள் அவகாசம். அவ்வளவே அவர்களிடம் இருந்தது. அலுவலகத்துக்கு இடம் கிடைக்காமல் அலைந்தபோது, கொட்டாரத்தில் தன் தந்தை நாராயணபெருமாளின் உரக்கடைக்கு மேலே பூட்டிக்கிடந்த மாடியைச் சுயம்புராஜ் கேட்டு வாங்கினான். "ஆபீஸ்ல ரெண்டுபேரு சண்ட போடுக கதைப்பா" என்று மட்டும் சொன்னான். சொன்னது பொய்யன்று, பாதி. சொல்லாத பாதி இப்போது அவனைத் துரத்திக்கொண்டிருந்தது.

பெரியவர் கைம்மாறாகக் கேட்டது ஒன்றுதான். "எம்பேரு படத்துல வரணும், கேட்டியா. ஊரோட சேத்துப் போடணும்."

மறுநாள் படம் இணையத்தில் ஏறுகிறது. அதற்குமுன் உதவியவர்களுக்குப் போட்டுக்காட்ட ஷெர்லி விரும்பினாள். காட்டும் இடமும் அதே மாடி. தந்தையை அழைக்க வேண்டாமென்று சுயம்புராஜ் கெஞ்சியிருந்தான். தம் கடைக்கு மேலே நடப்பதற்கு அழைப்பெதற்கு என்று, கையைக் கழுவிவிட்டு அவரே படியேறி வந்தார்.

ஊர் நிழல்தாங்கல் என்னும் சிறு கோயிலில், திருமாலின் அவதாரமாக வணங்கப்படும் அய்யாவுக்குக் காலையும் மாலையும் பணிவிடை செய்பவர் அவர். அங்கே அய்யாவின் ஏடு வாசித்தால் கேட்போர் கண்கலங்கும் குரல். அந்தக் குரல் 'வெளியே போ' என்று சொன்னால் அவனுக்கு வீடில்லை. ஒன்றும் சொல்லாமல் அவர் முகம் திருப்பிக்கொண்டால் அது அதனினும் கொடிது. திரையில் டிஜோவை நோக்கும் தன் பார்வை நடிப்பன்று என்பதை அவன் அறிவான். டிஜோவின்மேல் அவனுக்குக் காதல் இல்லை. ஆயினும் தான் ஓர் ஆணைத்தான் அப்படி நோக்கமுடியும் என்பதை, இருபத்தேழு ஆண்டு ஒளித்துவைத்ததை, அவன் முகம் அந்த ஆறு நாளில் காட்டிக்கொடுத்திருந்தது. அந்த முகத்தைத் தொட்டிலிலிருந்து பார்த்தவர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஏலே, வெளுத்துப்போய் நிக்கியே," என்றாள் ஷெர்லி, தாழ்ந்த குரலில். "வேண்டாம்னா சொல்லு. லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு நிறுத்திருகேன்."

"நாளைக்கு ஃபோன்ல பாப்பாருலா."

"அதுக்குள்ள நீ கொச்சிக்கு வண்டியேறிரு," என்றான் டிஜோ. ஒருவரும் சிரிக்காததால், அவனே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அடங்கினான்.

சன்னல்கள் சாத்தப்பட்டன. வெண்சுவரில் முதலில் நன்றி அறிவிப்பு எழுந்தது: திரு. நாராயணபெருமாள், கொட்டாரம். பெரியவர் நிமிர்ந்தார்.

"பாத்தியா மக்கா, மொதப்பேரே நம்ம பேராக்கும்."

ஊரெல்லாம் காணப்போகும் அப்பெயர், தான் மறைத்த அனைத்துக்கும் அவரை அறியாமல் அவரிடம் வாங்கிய கையொப்பமாகச் சுயம்புராஜுக்குத் தோன்றியது. இந்தக் காதலுக்கு இடங்கொடுத்தவர் இவர்தான் என்று தாங்கலில் நாலுபேர் சிரித்தால், மனிதர் எப்படி நிற்பார்? இதுவரை அவன் தனக்காக மட்டுமே அஞ்சியிருந்தான்.

படம் ஓடியது. ஒருவன் மற்றவனின் கோப்புகளை ஒளித்துவைத்தான். மற்றவன் இவனது நாற்காலியின் சக்கரத்தைக் கழற்றினான். பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"வெளங்காத பயலுவ. இவனுவளுக்குச் சம்பளம் வேறயா? ஏ மோளே, அது நம்ம சன்னல்லா?"

"ஆமா அங்கிள்."

"அழுக்கா கிடக்கு. சொல்லியிருந்தா தொடச்சித் தந்திருப்பேம்லா."

ஒவ்வொரு சிரிப்பும் கடைசிச் சிரிப்போ என்று மகன் நடுங்கினான். நாற்பதாவது நிமிடத்தில் என்ன வருமென்பது அவனுக்குத் தெரியும். மின்சாரம் போன அலுவலகம். நனைந்து வந்த டிஜோவின் தலையைத் தன் கைக்குட்டையால் அவன் துவட்ட வேண்டும். அந்த இடத்துக்கு ஷெர்லி எழுதியது வேறு வசனம். படம் எடுத்த அன்று அவன் அதை மறந்துபோய், தன் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தான்: "நீ தோக்கத என்னால பாக்க முடியல்ல." பிறகு நெற்றியோடு நெற்றி சேரும்.

சேர்ந்தது.

நாற்காலி ஒன்று பின்னே நகர்ந்தது. பெரியவர் எழுந்து, எவரையும் பாராமல் படியிறங்கினார்.

சுயம்புராஜ் பின்னாலேயே எழுந்தான். சுவரைப் பற்றிக்கொண்டு கீழே வந்தான். கடைக்குப் பின்னால் குழாயடியில் தந்தை கால் கழுவிக்கொண்டிருந்தார். கால் சுத்தமான பின்னும் நீர் ஓடிற்று.

"அந்தப் பயலா?" குனிந்தபடியே கேட்டார்.

"இல்லப்பா. டிஜோ வெறும் கூட்டுக்காரன். அவனுக்குக் கல்யாணம் பேசியாச்சு. யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"நடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரேன்லே."

அந்த ஒரு வார்த்தை போதும். வீடு பழையபடி இருக்கும். அவன் வாயைத் திறந்தான்.

"நடிக்கல்லப்பா."

பெரியவர் குழாயை அடைத்தார். கை பிடி வழுவியதால் இரண்டுமுறை திருக வேண்டியிருந்தது. சினம் என்றே சுயம்புராஜ் எண்ணினான். அவர் நிமிர்ந்தபோது அந்த முகத்தில் சினம் இல்லை. அவனுக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் அவருக்கும் இருந்தது.

"ஆளுவ பேசுவானுவ. பேசுனாப் போட்டும். ஒன்ன எவனாவது ரோட்டுல போட்டு அடிச்சா, நான் எங்கலே போய்க் கேப்பேன்?"

"ஒங்க பேர எடுத்திரச் சொல்லட்டாப்பா? இப்பவே எடுத்திரலாம்."

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். மாடியில் இன்னும் படத்தின் பேச்சொலி கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுக்காண்டாம். எடுத்தா நான் வெக்கப்பட்டேன்னு ஆவும்லா." ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். "எனக்கு இது பிடிபடல்ல மக்கா. பிடிபடுமான்னும் தெரியல்ல. நேரமாச்சு, பணிவிடைக்குப் போணும்."

தந்தை தெருவில் இறங்கினார். அழைப்பில்லாமலே சுயம்புராஜ் பத்தடி பின்னால் நடந்தான். தாங்கலின் வாசலில் கால் நின்றுவிட்டது. ஆண்கள் தலைப்பாகை கட்டாமல் அங்கே நுழைவதில்லை, அவனிடம் துண்டில்லை. இருந்தாலும் இனி அதைக் கட்டும் உரிமை தனக்கு உண்டா என்று தெரியவில்லை.

முன்னே போன தந்தை திரும்பி வந்தார். தம் தோளில் கிடந்த துண்டை உதறி, மகனின் தலையைச் சுற்றிக் கட்டினார். ஒரு சுற்று தளர்ந்திருந்தது. அவிழ்த்து மறுபடி இறுக்கினார். வாசலோரக் கொடியில் கிடந்த பழைய துண்டொன்றைத் தாம் கட்டிக்கொண்டார்.

உள்ளே போய் விளக்குக்கு எண்ணெய் வார்த்துத் திரியைத் தூண்டினார். கருவறையில் சிலைக்குப் பதிலாக இருந்த கண்ணாடியின் முன் இருவரும் கைகூப்பி நின்றார்கள். தன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கச் சுயம்புராஜுக்குச் சற்று நேரமாயிற்று. பின்னர் பெரியவர் திருமண்ணைத் தொட்டு, அவன் புருவநடுவிலிருந்து மேல்நோக்கி நாமம் இட்டார். அவர் விரல் இன்னும் குளிர்ந்திருந்தது.

"அய்யா உண்டு மக்கா," என்றார். "ஒனக்கு ஒரு கொறையும் வராது. போற எடமெல்லாம் அவரு கூட வருவாரு. நல்லா இரு."