துறை மாற்றம்

பேருந்து டச்சுக் கல்லறையைத் தாண்டும்போதே மனோரமா இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவள் ஊரான தோணிரேவுப் பிள்ளைகள் யாருக்கும் அவற்றிடம் பயம் கிடையாது. இவளும் சின்ன வயதில் அந்த விலா எலும்புகளின் இடுக்கில் விரல் விட்டு விளையாடியவள்தான். இப்போது பத்தொன்பது வயதில், ஒரு கண்ணாடிக் குப்பிக்குப் பயந்தாள்.

பக்கத்தில் அப்பா துளசிங்கம் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இந்த நேரத்துக்கு ஏரியில் இருப்பார். வலையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு இவளோடு கிளம்பி வந்திருந்தார். வேதியியலை விட்டு வரலாற்றுக்கு மாற இன்றுதான் கடைசி நாள். பெற்றோர் கல்லூரிக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். "பாடம் கஷ்டமா கீது நைனா" என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. பள்ளியில் தமிழில் படித்த வேதியியல் கல்லூரியில் ஆங்கிலத்தில் வேறு ஆளாக வந்து நின்றது. இரண்டு தேர்விலும் தோற்றுப் போயிருந்தாள். ஆனால் தேர்வைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடியும். ஆய்வகத்தைத்தான் முடியவில்லை.

போன மாதம் உப்புப் பரிசோதனை நடந்தது. பக்கத்தில் நின்ற காட்டூர் வசந்தா, உப்பில் அடர் கந்தக அமிலத்தை விட்டுச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். சோதனைக் குழாய் திடீரென்று பொங்கித் தெறித்தது. வசந்தாவின் அலறலைவிட, அவள் சட்டைக் கையின் துணி கண்ணெதிரே கருகிச் சுருங்கியதுதான் மனோரமாவுக்குள் நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் கை எட்டும் தூரத்தில் இருந்தது. திறக்க வேண்டும் என்று தெரியும். கை மேசை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தது, தன்னுடையது இல்லை என்பதுபோல. பின் வரிசையில் நின்ற மாணவன் சந்தியாகு ஓடி வந்து வசந்தாவை இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தினான். அதன் பிறகு வசந்தா கல்லூரிக்கு வரவில்லை. மனோரமா வந்தாள், ஆய்வக நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று ரயில் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் அந்தக் கருகும் துணி.

பொன்னேரியில் ரயிலேறிய பிறகு துளசிங்கம் மெல்லச் சொன்னார். "நீ போற நாள்லாம் எனக்கு ஏரில மனசே இருக்கறதில்லமா. பொண்ணு ட்ரெயின் ஏறிச்சா, எறங்கிச்சானு. ஹிஸ்டரி பொன்னேரி காலேஜ்லயே கீதுனு சொல்றாங்க. அடுத்த வருசம் அங்க மாத்திக்கினா கிட்டயே வந்துடலாம்."

"அம்மாதான் கெமிஸ்ட்ரி டீச்சராவப் போறானு ஊரு பூரா சொல்லிவெச்சிருக்குது."

"உங்கம்மா இன்னாதான் சொல்லல. நான் பாத்துக்கறேன்."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, இனி அந்த அமில வாசனையுள்ள அறைக்குள் ஒருபோதும் நுழையப் போவதில்லை என்பதில் ஒரு வருத்தமும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் செம்பு உப்பைச் சுடரில் காட்டியபோது பச்சையாக எரிந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கினாள்.

கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவி அம்மாள் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். "விட்டா திரும்பி வர முடியாதுங்க. யோசிச்சி மத்தியானத்துக்குள்ள கொடுங்க" என்றவர் வகுப்புக்குப் போனார். இருவரும் நடைக்கூடத்தில் வந்து நின்றார்கள். துளசிங்கம் சுவரில் தாளை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "போட்டுடட்டாமா?"

அப்போதுதான் எதிரே வசந்தா வந்தாள். வெயிலில் முழுக்கைச் சட்டை. மனோரமாவின் கால்கள் பின்னால் நகர்ந்தன. வசந்தா நேராக வந்து வணக்கம் சொன்னாள். சட்டைக் கைக்குக் கீழே தெரிந்த மருந்துக் கட்டைத் துளசிங்கம் பார்த்துவிட்டார்.

"கை இன்னாமா ஆச்சி?"

"பைக் சைலன்சர் சுட்டுடுச்சி பெரிப்பா" என்றாள் வசந்தா, கண் இமைக்காமல்.

"ஐயோ. பாத்துப் போவக் கூடாதா?" அவர் முகம் வாடியது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும்போல் தோன்றியிருக்க வேண்டும். டீ வாங்கி வருகிறேன் என்று பேனாவை மூடிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார்.

அவர் முதுகு மறைந்ததும் வசந்தாவின் முகம் மாறியது. "வீட்லயும் அதையேதான் சொன்னேன். லேபுனு தெரிஞ்சா அன்னிக்கே படிப்ப நிறுத்திடுவாங்க. நெல்லறுப்பு முடிஞ்சதும் மாப்பிள்ள பாக்கணும்னு நிக்கிறாங்க. நீ உங்கப்பா கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. உங்கப்பா யார்கிட்டயாவது சொல்லி, காட்டூர் வரைக்கும் வந்துடும்."

"வசந்தா, அன்னிக்கி நான் குழாயத் தொறக்கல."

"பாத்தேன்." வசந்தா சட்டைக் கையைக் கட்டின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "காலைல வந்து லேப் வாசல்ல நின்னேன். உள்ள போவ முடியல. திரும்பிப் போயிடலாம்னு வந்தா நீ நிக்கிற. இன்னிக்கி அதே உப்புதான். பக்கத்துல யாராவது நிக்கணும்டி. தெரியாதவங்க கூட நிக்க என்னால ஆவாது."

"நான் மறுபடியும் அப்படியே நின்னுட்டா?"

வசந்தா ஆய்வக வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம்தான் என்று மனோரமாவுக்குப் புரிந்தது.

துளசிங்கம் மூன்று டீயைத் தட்டில் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் வந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். இந்தக் கை லேபுல வெந்தது நைனா என்றால், விண்ணப்பம் அந்த நொடியே கையெழுத்தாகிவிடும். சாயங்காலம் பயமில்லாமல் வீட்டில் இருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் முதல் டம்ளரை வசந்தாவிடம், அடிபடாத கையில் கொடுத்தார்.

"நைனா, இன்னும் டைம் கீது" என்றாள் மனோரமா. "ஒரு லேப் முடிச்சிட்டு வந்துடறேன்."

"இன்னாமா ஆச்சி? கை இப்பிடி ஆடுது?"

"பசிக்குது நைனா."

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. மேசைக்கு வந்ததும் முதலில் தண்ணீர்க் குழாயை ஒருமுறை திறந்து பார்த்து மூடினாள். வசந்தா அடுப்பைப் பற்றவைக்க, முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் நீலச் சுடர் வந்தது. உப்பிட்ட சோதனைக் குழாயின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ஊத்துடி" என்றாள் வசந்தா.

மனோரமா அமிலக் குப்பியின் மூடியைத் திருகினாள். சன்னலுக்கு வெளியே அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டி, வெளிச்சம் கூசாமலிருக்க இரண்டு கைகளாலும் கண்களின் இருபுறமும் மறைத்து, உள்ளே அவளைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை போலும். பார்வை வேறெங்கோ அலைந்தது. அவள் குப்பியைச் சாய்த்தாள். எண்ணெய்போலக் கனத்த முதல் துளி சோதனைக் குழாயின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்ல, கீழே இறங்கத் தொடங்கியது.