நிரூபாவின் முதலைகள்

அப்பாவை ஒருபக்கமாகச் சரித்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் "நிரூபா" என்றார். உதயகலாவின் கை நின்றது. பிறகு துணியைப் பேசினுக்குள் முக்கிப் பிழிந்து மறுபடியும் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாள்முதல் அவள்தான் பார்க்கிறாள். அதற்கு முன்பும் அவள்தான்.

தங்கை நிரூபா வன்னிக் குளங்களில் முதலைகளை ஆராய்ச்சி செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் எடுப்பாள். ஏ-9 வீதியில் பஸ் ஓட்டிக் காலம் கழித்த அப்பா தியாகராசா அந்தப் போனுக்காகச் சவரம் செய்துகொண்டு காத்திருப்பார். குளம் வற்றினால் முதலை கரையில் வளை தோண்டிக் கிடக்குமாம். மண்ணின் சூட்டைப் பொறுத்துத்தான் முட்டைக்குள் ஆணா பெண்ணா என்று அமையுமாம். எல்லாவற்றையும் மத்தியானச் சாப்பாட்டின்போது கலாவுக்குத் திருப்பிச் சொல்வார். சோறு குழைந்துவிட்டது என்றும் சொல்வார்.

கூட்டில் குஞ்சு பொரிக்குமென்று சொல்லியிருந்த போன ஞாயிறு, நிரூபா போன் எடுக்கவில்லை.

"பிள்ளை நிரூபா, குஞ்சுகள் கத்தினதுகளோ?"

கண்கள் திறந்திருந்தன. நான் கலா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அவளுடைய கையைப் பிடித்துவிட்டார். அவர் அப்படிப் பிடித்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

"ஓம் அப்பா. முட்டைக்குள்ளை இருந்து கத்தினதுகள். தாய் மண்ணைக் கிண்டி எடுத்திட்டுது."

"வாயாலையோ?"

"வாயாலைதான் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணியிலை விட்டது. ஒண்டையும் கடிக்கேல்லை."

"தேப்பன்?"

ஆண் முதலையும் சிலவேளை குஞ்சுகளைத் தூக்கிக் காவும் என்று நிரூபா சொன்ன நாளில் அவர் பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

"தேப்பனும் வந்தது. அதுவும் தூக்கினது."

அவர் முகம் இளகியது. "என்ரை பிள்ளை" என்றார். எந்தப் பிள்ளை என்று கலாவுக்குத் தெரியும். கையை இழுக்காமல் இருந்தாள். பின்னேரம் அவருடைய மூச்சு அடங்கியது.

நிரூபா மறுநாள் காலை சேறு காய்ந்த காற்சட்டையோடு வந்து இறங்கினாள். பந்தலுக்குள் நின்ற சனம் விலகி வழிவிட்டது. தகப்பனின் செல்லம் இவள்தான் என்று அயல்வீட்டு இராசாத்தி யாருக்கோ சொன்னாள். இரண்டு பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கலா தேத்தண்ணித் தட்டோடு அவர்களைச் சுற்றிப் போனாள்.

உடுப்பு மாற்ற அறைக்குள் கூட்டிவந்தபோதுதான் நிரூபா வாய் திறந்தாள்.

"உடும்பு கூட்டைக் கிண்டி முட்டை முழுக்கத் திண்டிட்டுது அக்கா. ஒரு குஞ்சும் மிஞ்சேல்லை. அப்பாட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் எடுக்காமல் விட்டனான்."

கலா அலுமாரியைத் திறந்து தன் வெள்ளைச் சேலைகளில் ஒன்றைத் தேடினாள்.

"கடைசியா என்னைக் கேட்டவரோ?"

நல்ல சேலை அடியில் இருந்தது. அதை இழுத்து எடுத்து உதறினாள்.

"இல்லை. நித்திரையாத்தான் கிடந்தவர்."

நிரூபாவுக்குச் சேலை கட்டத் தெரியாது. இரண்டு கைகளையும் சற்றே தூக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றாள். வெளியே பறை தொடங்கியது. கலா அவள் முன்னால் முழங்காலில் நின்று, ஊசியை உதடுகளுக்கிடையில் பிடித்துக்கொண்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.