அவளுக்கென்று ஒரு கோழி

கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கறிக்கோழிகள். அவற்றில் ஒன்றுகூட அவளுக்குச் சொந்தமில்லை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அவர்களுடையதே. முதுகு ஒடிய உழைப்பது மட்டும் அவளும் அவள் கணவனும். விவசாயம் கைவிட்டபின் மிச்ச நிலத்தை அடகு வைத்துக் கட்டிய கொட்டகை அது. கம்பெனி முக்கியமாகச் சொன்னது ஒன்றுதான்: பக்கத்தில் வேறு கோழி வளர்க்கக் கூடாது, நோய் ஒட்டிக்கொள்ளும். மீறினால் ஒப்பந்தம் போய்விடும்.

அவளோ சமையலறைக்குப் பின்னால், விறகுக்கு நடுவே, ஒரு நாட்டுக்கோழியை ஒளித்து வளர்த்தாள். இத்தனை கோழிக்கு நடுவே இருந்துகொண்டு முட்டையைக் கடையில் வாங்குவதா என்கிற வீம்புதான். கணவனுக்கே தெரியாது.

அன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை. கோழிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஓரமாகச் சில செத்துக் கிடந்தன. அவள் திரும்பி விறகுப் பக்கம் பார்த்தாள்.

"கம்பெனி சூப்பர்வைசர் வர்றாராம். நாம என்ன தப்பு பண்ணோம், பயப்படறதுக்கு?" என்றான் கணவன்.

நாட்டுக்கோழியை அறுத்துப் புதைத்திருக்கலாம், மனசு வரவில்லை. கோழி நோய்நொடி இல்லாமல் கல்லு மாதிரி இருந்தது. பையில் போட்டு அடுத்த தெருவில் இருந்த தங்கையிடம் ஓடினாள். அக்காவைப் பார்த்து அவளும் புதுக் கொட்டகை போட்டிருந்தாள். குஞ்சு வர இன்னும் ஒரு மாசம் இருந்தது.

"கொஞ்ச நாள் வச்சுக்கடி. ஏன்னு கேக்காத."

மதியம் சூப்பர்வைசர் மூலை முடுக்கெல்லாம் துழாவினார்.

"வெளிக்கோழி ஏதும் வளர்க்கறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க சார்!"

"நாட்டுக்கோழி நல்லாத்தாம்மா இருக்கும். உள்ள நோய வச்சுக்கிட்டு மத்ததுக்கெல்லாம் குடுத்துரும்."

அந்த நேரம் பார்த்து தங்கை போன் அடித்தாள். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, குஞ்சை இன்னைக்கே கொண்டாந்து எறக்கிட்டாங்க! ஒரே கத்தல். கம்பெனிக்காரங்க போனதும் உன் கோழிய உள்ள விட்டேன். எல்லாம் அதோட றெக்கைக்குள்ள போய் ஒண்டிக்கிச்சு. வந்து பாரேன்!"

சூப்பர்வைசர் இரண்டடி தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவனும் பார்த்தான். கோழியை வெளியே தூக்கிப் போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கையின் குஞ்சுகள் தப்பிக்கும். சொன்னால் தன் கொட்டகை போச்சு, நிலமும் போச்சு.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டி," என்றாள். "நல்லாப் பாத்துக்கோ."